துளையில் வந்தது

எண்ணெய் அகழ்வை ஆராயும் சுதேஷ் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, மடுல்கெல்லத் தோட்டத்தில் நல்லம்மா காட்டிய கறுத்த மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பசையப் பாருங்க சார், கையில ஒட்டுது," என்றாள் நல்லம்மா.

"இங்க எண்ணெய் கெடச்சா என் ஆராய்ச்சி பொழச்சிடும்மா. இல்லாட்டி எங்க பேராசிரியர் அத இழுத்து மூடிடுவாரு."

மறுநாளே துளையிடும் இயந்திரம் மலையேறியது. அது பாறையில் சிக்கி முனகிய ஒவ்வொரு தடவையும் சுதேஷுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"விட்டுறாதீங்க சார்! இன்னும் ஆழமாப் போங்க!" என்று தொழிலாளர் குடியிருப்பான லயமே திரண்டு நின்று அவரை உற்சாகப்படுத்தியது.

மாலையில் துளை சீறியது. ஆவலோடு குனிந்து பார்த்த சுதேஷ், தலை முதல் கால் வரை நனைந்து நிமிர்ந்தார்.

"மன்னிச்சிருங்கம்மா. வெறும் தண்ணிதான்."

"ஐயோ பாவம்!" என்றாள் நல்லம்மா. அவளுக்குப் பின்னால் லயத்துப் பெண்கள் குடங்களோடு வரிசையாக நின்றார்கள்.

"ஆராய்ச்சிய மட்டும் கைவிட்டுறாதீங்க சார்," என்றாள் நல்லம்மா. "நாளைக்கு மேல் லயத்து மண்ணும் கறுத்துடும். பழைய லொறி ஒயில இப்பதான் வாளியில கொண்டு போறாங்க."