கார்வெல்டன் வாரிசு

ஒரகடம் கார்வெல்டன் தொழிற்சாலையை மூடப்போவதாகத் தகவல். முந்நூறு பேர் கேட்டில் நின்றிருந்தோம். அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியவரின் அடையாள அட்டையிலும் கார்வெல்டன் என்றே பெயர்.

"மொதலாளி வூட்டு ஆளுடா, வுடாத," என்றான் நாகப்பன்.

இங்கிலீஷில் மூன்று முறை ஃபெயிலான நான்தான் எங்கள் பேச்சாளர். சால்வை போர்த்தி மனுவை நீட்டினேன். "முந்நூறு குடும்பம் இந்த வேலையை நம்பித்தான் இருக்கு சார்."

மனுவைப் படித்ததும் அவர் கண்கள் கலங்கின.

"கரைஞ்சிட்டாருடா," என்று கிசுகிசுத்தான் நாகப்பன்.

அவர் எனக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னார். "கொள்ளுத்தாத்தா தொடங்கினார், தாத்தா பெருக்கினார், அப்பா பந்தயக் குதிரை வாங்கியே கம்பெனியை விற்றார். நான் மெஷின்களைக் கழற்ற வந்த காண்ட்ராக்ட் ஃபிட்டர். இப்போதைய முதலாளி யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள், நானும் ஒரு மனு கொடுக்க வேண்டும்."