மொத்த மழை

இரண்டு கோடுகள்.

எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரண்டு கோடுகள்.

அவள் பெட்டியைத் தட்டினாள். பழைய ரேடியோவாக இருந்தால் அடிக்குப் பயந்து பாடியிருக்கும். இது மசியவில்லை.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கணவர் கட்டிலில் படுத்தபடி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மொட்டைமாடியில் மழையளக்கும் கருவி. அது அனுப்பும் எண்ணைக் காட்டும் பெட்டி இங்கே அலமாரியில். ஓய்வு பெற்ற பிறகு இதுதான் அவருக்கு உத்தியோகம். விடிந்ததும் எண்ணைப் பார்ப்பார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இத்தனை மில்லிமீட்டர் என்று மழைப் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அதற்குப் பிறகுதான் காபி.

இந்த வருஷம் நுரையீரல் கைவிட்டுவிட்டது. வாடகைக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. தலைமாட்டில் இரவும் பகலும் உறுமியது. அது வந்த அன்றே பெட்டியில் கோடுகள் விழுந்தன. அவள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மஞ்சக்குப்பத்துக்கு என்ன ஆயிற்று என்று குழுவில் கேட்டார்கள். உத்தேசமாக ஒரு எண் போடுங்களேன் என்றாள். கோயில் உண்டியலில் கைவைக்கச் சொன்னதுபோல் அவளைப் பார்த்தார்.

பேட்டரி மாற்றினாள். பெட்டியை ஜன்னலில் வைத்தாள். சமையலறைக்குத் தூக்கிப் போனாள்.

கோடுகள்.

மாடிப்படி வீட்டுக்கு வெளியே இருந்தது. அவரைத் தனியே விட்டுவிட்டு மழையில் ஏற அவளுக்குத் தைரியம் இல்லை.

பெட்டி விற்ற கடைக்குப் போன் செய்தாள். பேசிய பெண் பொறுமைசாலி. வீட்டில் ஓடும் ஏதோ ஒன்று மாடியிலிருந்து வரும் சிக்னலைக் கெடுக்கலாம், ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள் என்றாள். டிவி. ஃபேன். ஃப்ரிட்ஜ். வீட்டில் ஒரே ஒரு சத்தம் மிஞ்சியது.

இன்னும் ஏதாவது மோட்டார் ஓடுகிறதா என்று அந்தப் பெண் கேட்டாள்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. மூக்கில் குழாயோடு சிரித்தார்.

"ஒரு நிமிஷம் நிறுத்திப் பாரேன். எவ்ளோ பெய்ஞ்சிருக்குன்னு பாத்துட்டு மறுபடி போட்டுக்கலாம்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. மழையைக் கட்டிக்கொண்டு நீங்களே அழுங்கள், என்னால் ஆகாது என்று கத்தினாள். மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்பதால் அந்த வீட்டில் எதையுமே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் மூச்சு வாங்கி வாங்கி அவளைச் சமாதானப்படுத்தினார். சிக்னல் இல்லாவிட்டால் என்ன, மேலே இருக்கும் கருவி தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டுதான் இருக்கும். என்றைக்குச் சிக்னல் கிடைக்கிறதோ அன்றைக்கு மொத்தத்தையும் சேர்த்துக் காட்டிவிடும். ஒரு சொட்டும் விட்டுப்போகாது.

அவள் சுவிட்சுக்கும் அவருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

மழை விடவில்லை. அவர் கோடுகளைப் பார்ப்பார். பிறகு அவளைப் பார்ப்பார். மறுபடி கேட்கவில்லை.

மெஷினைக் கடைசியில் யார் நிறுத்தினார்கள் என்று அவளுக்கு நினைவில்லை. வீடு நிறைய ஆட்கள். அலமாரிப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுகள் ஊர் திரும்பின. வாடகைக் கடைக்காரர்கள் வந்து மெஷினைத் தூக்கிப் போனார்கள். அவள் அலமாரியைத் துடைக்கப் போனாள்.

பெட்டியில் கோடுகள் இல்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர்.

அவர் படுத்துக்கொண்டு காதால் மட்டும் கேட்ட மழை அத்தனையும் அதில் இருந்தது.

ஒரு நிமிஷம்தானே கேட்டார்.

துணியைக் கையில் பிடித்தபடி கட்டில் பக்கம் திரும்பினாள்.

"முந்நூத்திப் பன்னெண்டுங்க" என்று கத்தினாள்.

அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம். மெஷின்தான் போய்விட்டதே.