'வேர்' மூன்றாம் இதழ்

மிஹ்ரான் புரூஃப் தாளைக் கையில் எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

எதிரே முக்காலியில் நுஸ்ஹெத் உட்கார்ந்திருந்தார். மடியில், பழைய அரபு எழுத்தில், அவருடைய கையெழுத்துப் பிரதி. 'யார் துருக்கியர்?' என்பது கட்டுரையின் தலைப்பு.

எழுதியவர்தான் புரூஃப் படிக்க வேண்டும். ஆனால் 1928 டிசம்பரிலிருந்து துருக்கியில் பழைய அரபு எழுத்தில் பத்திரிகை அச்சடிக்கக் கூடாது என்று சட்டம். எல்லாம் புது லத்தீன் எழுத்து. அதை வரவேற்று 'வேர்' பத்திரிகையின் முதல் இதழில் நான்கு பக்கம் எழுதியவர் நுஸ்ஹெத். ஐம்பத்திரண்டு வயதில் அந்த எழுத்து அவருக்கு மட்டும் மண்டையில் ஏறவில்லை.

போன இதழின்போது கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொன்னார். இன்றும் அதையே சொன்னார்.

கண்ணாடி இல்லாமல் மடியிலிருக்கும் பிரதியை மட்டும் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று மிஹ்ரான் கேட்கவில்லை. அந்த இஸ்தான்புல் அச்சகத்தில் முப்பது வருஷமாக அச்சுக்கோர்க்கிறவர் அவர்; வீட்டில் வேறு பாஷை பேசும் ஆர்மேனியர். போன இதழில் நுஸ்ஹெத்தின் துருக்கி மொழியில் இரண்டு பிழைகளைத் திருத்திவிட்டு, அதைப் பற்றியும் வாயே திறக்காதவர்.

இப்போது அந்தக் குரலில் தன் வாக்கியங்களைக் கேட்கக் கேட்க நுஸ்ஹெத்துக்கு வியர்த்தது. கடைசிப் பத்தி நெருங்கிக்கொண்டிருந்தது.

'நம் ரொட்டியைத் தின்றுகொண்டே வேறு பாஷையில் கனவு காண்கிறவர்கள் இந்த வீட்டுக்குச் சொந்தமல்ல' என்று தொடங்கும் ஐந்து வரிகள். அவற்றுக்காகவே கட்டுரையை முதல் பக்கத்தில் போடுகிறேன் என்று ஆசிரியர் ஸெலாமி தோளில் தட்டியிருந்தார்.

எழுதும்போது, இதை யார் அச்சுக்கோர்ப்பார் என்று நுஸ்ஹெத் நினைத்துப் பார்க்கவில்லை.

மிஹ்ரானின் குரல் அந்த இடத்துக்கு வந்தது. ஒரு மூச்சு நின்றது. பிறகு அடுத்த வரிக்குப் போய்விட்டது.

நுஸ்ஹெத்தின் விரல் பிரதியில் அங்கேயே நின்றது. இவராகவே எடுத்துவிட்டாரா? கோபம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. ஏதாவது விட்டுப்போயிற்றா என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"ஒரு எழுத்துகூட விடலை, எஃபெந்திம். அச்சுல முழுசா இருக்கு," என்றார் மிஹ்ரான். தாளைப் பார்த்தபடியே சொன்னார்: "நீங்க எதிர்லயே உட்கார்ந்திருக்கீங்க. உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு வாய்விட்டுப் படிக்கலை."

நுஸ்ஹெத்துக்குக் காது மடல்வரை சூடு ஏறியது.

தாளை வாங்கிப் பென்சிலை எடுத்தார். அந்த ஐந்து வரிகளை அடித்துவிட வேண்டும். ஆனால் எந்த ஐந்து? பக்கம் முழுக்க எறும்புச் சாரியாக ஒரே மாதிரி இருந்தது. மேலிருந்து கீழாகத் தேடினார். கீழிருந்து மேலாகத் தேடினார்.

பென்சிலை வைத்துவிட்டு, அது எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

மிஹ்ரான் மை படிந்த விரலை வைத்துக் காட்டினார். எடுத்துவிடலாமா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு மேஜைமேல் பக்கமாகக் கோர்த்து வைத்திருந்த ஃபாரத்திலிருந்து அந்த வரிகளைப் பிரித்து, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுத்துப் பெட்டியில் அவற்றின் அறைகளில் போட்டார். அவர் முகத்தில் வென்றவனின் களை இல்லை. நோயாளிக்குக் கட்டுப் பிரிக்கிறவரைப் போல அவ்வளவு பதமாகச் செய்தார்.

யா அல்லாஹ், என் வாய்க்கு இந்த மனிதரிடம் சொல்ல ஒரு நல்ல வார்த்தை கொடு என்று நுஸ்ஹெத் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

ஸெலாமி நேராக மேஜைக்கு வந்தார். ஆசிரியரின் கண் முதல் பக்கத்து ஓட்டையில்தான் விழுந்தது. இங்கே இருந்தது எங்கே என்றார்.

நான்தான் எடுக்கச் சொன்னேன் என்ற மூன்று வார்த்தைகள் நுஸ்ஹெத்தின் தொண்டைவரை வந்து நின்றன.

"கை தவறிடுச்சு, எஃபெந்திம். அஞ்சு வரி கீழே சிதறிப்போச்சு," என்றார் மிஹ்ரான்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது, திரும்பக் கோர்க்க முடியாது. ஸெலாமி பொரிந்து தள்ளினார். முப்பது வருஷத் தொழிலாம், வெண்ணெயிலா விரல் செய்துவைத்திருக்கிறாய் என்றார். அந்த வரிகளைப் பார்த்ததும்தான் கை நடுங்கிற்றாக்கும் என்றும் சொன்னார். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார்.

"நீங்க இங்கதானே இருந்தீங்க நுஸ்ஹெத் பே, பார்க்கலையா?"

"கவனிக்கலை," என்றார் நுஸ்ஹெத்.

ஸெலாமி குனிந்து தரையைப் பார்த்தார்.

அவர் கண் சரியாகப் பதிவதற்குள் மிஹ்ரான் முழங்காலிட்டு, ஒன்றுமே விழாத அந்தத் தரையில், எழுத்துகளைப் பொறுக்கத் தொடங்கியிருந்தார்.