ஏழாம் நாள் காட்சி

"மாமா, வீட்டுக்குள்ளயே கெடக்க ஒங்களுக்கு மடுக்காதா, சலிக்காதா?" என்று பக்கத்து வீட்டுப் பெமிலா ஏழு வயதில் ஜான்ரோஸிடம் கேட்டாள்.

இப்போது அவள் எடுத்த கார்ட்டூன் படம் மார்த்தாண்டத்தில் ஓடுகிறது. தியேட்டரில் ஏழு நாள் விடாமல் ஓடினால்தான் அதைப் பெரிய விருதுக்கு அனுப்ப முடியும்.

ஏழாம் நாள் வந்தவர் ஜான்ரோஸ் மட்டும்தான்.

"அண்ணே, ஒங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு? நீங்க எந்திரிச்சுப் போனா, ஷோவ நிறுத்திட்டு நானும் சாப்பிடப் போவேன்," என்றான் தியேட்டர்காரன் ஷாஜன்.

"நிறுத்தாத மக்கா. நான் இருக்கேன்."

ஏசி குளிரில் முட்டு இரண்டும் மரத்தன. அவர் அசையாமல், அந்தப் பிள்ளைக்காக ஜெபித்தபடி இருந்தார்.

பாட்டு நின்றது. விளக்கு எரிந்தது அவருக்குத் தெரியவில்லை. பார்வை போன தனக்குப் பத்து வருஷம் தினமும் கதை வாசித்துக் காட்டிய பெமிலாவிடம், இங்கே வந்ததைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தபடியே, வெள்ளைக் கோலைத் தட்டித் தட்டி வாசலைத் தேடினார்.