கயிறு தாங்கும்

இதில் ஒரு சொல் பொய்யென்றால், எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இன்றைக்கே உதிரட்டும்.

லிப்டுக்குள் கால் வைக்காமல் இன்ஜினியரம்மா வாசலிலேயே நின்றார். அதைப் பார்த்து ஆஸ்பத்திரி சேர்மன் சிரித்துக்கொண்டார்.

புதுக் கட்டடம். கீழ்த்தளத்துக்கு மட்டும் நோயாளிகள் வர ஆரம்பித்திருந்தார்கள். மறுநாள் திறப்பு விழா முடிந்ததும் ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர்கள் எல்லாரும் இந்த லிப்டில்தான் மேலே போக வேண்டும். லிப்டின் பாதுகாப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அம்மா முரண்டு பிடித்துக்கொண்டிருந்தார்.

"இரும்புக் கயிறு பழசு சார். எங்கயோ இடிச்ச கட்டடத்துல கழட்டினது. அறுந்தா ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க."

"கயிறெல்லாம் தாங்கும்மா. உன் வீட்டுக்காரர் என் ஆபீஸ்லதானே இருக்கார்? அவர் வேலை தாங்குமான்னு யோசி."

"அப்ப நீங்களே ஒரு தடவை ஏறிக் காட்டுங்க சார். உள்ளேயே கையெழுத்துப் போட்டுடறேன்."

நர்ஸுகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேர்மனால் மறுக்க முடியவில்லை.

கதவு மூடியது. அம்மா சோதனைச் சாவியைத் திருப்பினார். மோட்டார் உறுமியது, காலடியில் தரை அதிர்ந்தது. கதவுக்கு மேலே சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாக மாறின.

நான்கு வந்ததும் விளக்கு அணைந்தது. உச்சியில் இரும்பும் இரும்பும் உரசின. பெட்டி வெடுக்கென்று குலுங்கி நின்றது.

"என்னம்மா அது?"

"கயிறு சார். ஒரு இழை போயிருக்கும்."

"மோட்டார் ரூம்ல மெக்கானிக் இருக்கானே, இழுத்துப் பிடிக்கச் சொல்லு."

"எதைப் பிடிச்சு இழுப்பான் சார்?"

கதவுக்கு அப்பால் யாரோ இருமினார்கள். மேல்மாடிகளில் இன்னும் ஒரு ஈ காக்கை கூடக் குடியேறவில்லை. சேர்மனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பெட்டி மறுபடி குலுங்கியது. அவர் தட்டுத்தடுமாறி போனில் லிப்ட் மாட்டிய காண்ட்ராக்டரைப் பிடித்தார்.

"டேய், நான் உள்ள மாட்டிக்கிட்டேன்டா."

"சத்தமா பேசுங்க சார்," என்றார் அம்மா. "இதுக்குள்ள சிக்னல் சரியா இருக்காது."

சேர்மன் தொண்டை கிழியக் கத்தினார். "பழைய கயிறை மாட்டச் சொன்னது நான்தான்டா. அது தாங்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும். விழாவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இதை இழுத்து மூடு. முதல்ல என்னை இறக்கு."

அம்மா சாவியைப் பழையபடி திருப்பினார், விளக்கு வந்தது. அவரே கதவின் பொத்தானை அழுத்தினார்.

கதவு திறந்தது. எதிரே நர்ஸுகளும் நோயாளிகளும், உயர்த்திப் பிடித்த போன்களோடு நின்றார்கள்.

சேர்மன் மிரண்டு போனார். "இவங்கல்லாம் எப்பம்மா நாலாவது மாடிக்கு வந்தாங்க?"

"நாம இன்னும் கிளம்பவே இல்ல சார்."