பூனையின் தாயார்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. உலையில் அரிசி வேகிற நேரத்துக்குள் முடிந்துவிடும் கதைதான். ஆனால் மனசை விட்டுச் சீக்கிரம் போகாது.

"அவ இங்கிலீஷ் பேசினா கேட்டுண்டே இருக்கலாம் மிஸ்! அவ வந்தப்புறம் இந்த வீட்டுல ரேடியோவே வேண்டாம்னு ஆயிடுத்து" என்றாள் பட்டு, தன் மருமகளைப் பற்றி.

எதிரே நாற்காலியில் இருந்த ரத்தினபாய் சிரிக்கவில்லை. தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியை அவர். இன்டர்வியூவில் அந்த மருமகள் சாவித்ரியின் ஆங்கிலம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால், புதிதாகக் கல்யாணமான இரண்டு டீச்சர்கள் மாமியார் பேச்சுக்குப் பயந்து நடு வருஷத்தில் நின்றுவிட்டார்கள். அது முதல், வீட்டை ஒரு நடை பார்க்காமல் அவர் யாருக்கும் வேலை கொடுப்பதில்லை. அப்படித்தான் அறுபத்தொன்பதாம் வருஷம் ஒரு சனிக்கிழமை குரோம்பேட்டையில் பட்டுவின் வீட்டுக்கு வந்திருந்தார்.

"போன வாரம் ஸ்டேஷன்ல ஒரு வெள்ளைக்காரர் வழி தெரியாம முழிச்சுண்டு நின்னார். அவ போய் டக்குடக்குனு பேசி, மீனம்பாக்கத்துக்கு ரயில் ஏத்தி விட்டா. பிளாட்பாரமே வேடிக்கை பார்த்தது!"

"அவ, அவன்னே சொல்றீங்களே. அந்தப் பொண்ணுக்குப் பேர் இல்லையா?"

"நீங்கதான் இன்டர்வியூவுலயே கேட்டிருப்பேளே" என்று பட்டு மழுப்பினாள்.

சாவித்ரி காபி கொண்டுவந்து வைத்தாள். "இவ காபியைக் குடிச்சுட்டுச் சொல்லுங்கோ மிஸ்! இந்தாடிம்மா, அந்த முறுக்கையும் எடுத்துண்டு வா."

நேருக்கு நேராகவே 'இவ'! ரத்தினபாய்க்குச் சுருக்கென்றது. அவருடைய பள்ளியில் ஒரு சட்டம் உண்டு. ஒருத்தி எதிரில் நிற்கும்போது அவள் பேரை விட்டுவிட்டு 'ஷீஸ்', 'ஷீல்' என்று இங்கிலீஷில் 'அவ' போட்டு யாராவது ஆரம்பித்தால், "யாரது அந்த ஷீ? பூனையோட தாயாரா?" என்று கேட்பார். சின்ன வயதில் வெள்ளைக்கார மிஸ்ஸிடம் அவர் வாங்கிய குட்டு அது. பேர் சொல்வதுதான் முதல் மரியாதை என்பது அவர் கட்சி.

சாவித்ரி உள்ளே போனதும் கேட்டார்: "மாமி, உங்க மருமகளை ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுங்க பார்ப்போம்."

பட்டுவின் முகம் வாடியது. "வேற எது வேணாலும் கேளுங்கோ மிஸ். அது மட்டும் என்னால முடியாது."

ரத்தினபாய் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பேர் சொல்லக்கூட மனசு வராத வீட்டுலேருந்து அந்தப் பொண்ணு எத்தனை நாள் வேலைக்கு வரும்? அருள்மேரின்னு இன்னொரு பொண்ணு காத்துக்கிட்டிருக்கு. அருள்மேரியையே எடுத்துக்கறேன்."

பட்டு ஓடிவந்து வாசலை மறித்தாள். "ஐயோ, போயிடாதேங்கோ! இந்த வேலை அவளுக்குக் கிடைக்கணும்னு திருநீர்மலைப் பெருமாளுக்கு வேண்டிண்டிருக்கேன். அவளை யார் நிறுத்தப் போறா? நானே கொண்டுவந்து விடறேன்!"

"அப்புறம் என்ன மாமி, ஒரு பேர் சொல்ல அவ்வளவு கஷ்டம்?"

பட்டு திரும்பி, சுவரில் மல்லிகைச் சரம் தொங்கிய ஒரு படத்தைக் காட்டினாள். கண் கலங்கிவிட்டது.

"கல்யாணமாகி வந்தப்போ நான் எட்டாங்கிளாஸ் கூட முடிக்கலை. கல்யாணமானவளுக்குப் படிப்பான்னு தெருவே சிரிச்சுது. அதைச் சட்டை பண்ணாம, என் கையைப் பிடிச்சுண்டு போய் மறுபடியும் ஸ்கூல்ல விட்டது இவாதான், எங்க மாமியார். மாமியார் பேரை மருமக வாயால சொல்லுவாளா மிஸ்? இவளுக்கும் அதே பேர்!"

முறுக்குத் தட்டோடு சாவித்ரி எதிரில் வந்து நின்றாள். ரத்தினபாய் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு பட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அவ திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்கட்டும் மாமி."

உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு மாமியார் வாய்க்கட்டும், அப்படி ஒரு மருமகள் வரட்டும், கண்ணுகளா. நன்றாக இருங்கள்.