மூணாவது தடவையும் ஃபெயில்

“என்னத்தைச் சொல்லிக் குடுக்கிய இங்க? என் மருமவ மூணாவது தடவையும் ஃபெயிலு.”

சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்கும் ஆட்களை விரட்டிப் பழகிய குரல். பல்கலைக்கழகத்தில் எங்கள் மாலை நேர டச்சு வகுப்புக்குள் அது நுழைந்ததும், இலக்கணம் அப்படியே நின்றுபோயிற்று.

வாசலில் கோமதியம்மாள். பின்னால், துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு கௌசல்யா. எங்கள் வகுப்புத் தோழி.

கோமதியம்மாளுக்கு ஆரியசாலையில் பலசரக்குக் கடை. பிள்ளை குற்றாலலிங்கம் நெதர்லாந்தில் ஓர் இந்திய ஓட்டலில் சமையல் மாஸ்டர். கல்யாண மாலை வாடுவதற்குள் பறந்துவிட்டான். மனைவி அங்கே போய்ச் சேர வேண்டுமானால் முதலில் டச்சுப் பரீட்சையில் பாஸாக வேண்டும். அதற்குத்தான் கௌசல்யா எங்கள் பெஞ்சுக்கு வந்தாள்.

“எம்புள்ள ஊருக்கெல்லாம் பொங்கிப் போடுதான். அவனுக்குப் பொங்கிப் போட ஆளில்ல. இவளுக்குப் படிப்பு ஏறாதுன்னா இப்பமே சொல்லிருங்க. இன்னைக்கு ரயில்லயே அவ அப்பன் வீட்டுக்கு ஏத்திவிட்டுட்டு வேற வழி பாத்துக்கிடுதேன்.”

வேற வழி என்றால் பிள்ளைக்கு வேறு பெண் என்று வகுப்புக்கே புரிந்தது. கௌசல்யா நிமிரவில்லை.

விஜயலக்ஷ்மி மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். அரை மணி நேரம் கொடுங்கள், இங்கேயே ஒரு பரீட்சை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். கோமதியம்மாள் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினோம்.

அசல் பரீட்சையில் கேள்வி கேட்பது கம்ப்யூட்டர். யார் குரலையும் எடுத்துவிடுவேன் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. தொண்டையில் மீன் முள் சிக்கின மாதிரி ஒரு குரலில் டச்சில் ஆரம்பித்தேன். பக்கத்து பெஞ்சு பினு சிரித்தான். மேடம் முறைத்தார்.

எங்கே வசிக்கிறாய்? காலையில் என்ன சமைத்தாய்? பஸ் வராவிட்டால் என்ன செய்வாய்? கௌசல்யா பதில் சொன்ன வேகத்தில் என்னிடம் கேள்வி தீர்ந்துகொண்டே வந்தது.

டச்சில் வினைச்சொல் வழக்கமாக இரண்டாவது இடத்தில் நிற்கும். ‘ஓம்தாத்’, அதாவது ‘ஏனென்றால்’ என்று ஒரு சொல் வந்துவிட்டால் மட்டும் எழுந்துபோய் வாக்கியத்தின் கடைசியில் உட்கார்ந்துகொள்ளும். நம் தமிழ் மாதிரிதான். ஆனாலும் இங்கிலீஷ் படித்துக் கெட்டுப்போன நாங்கள் எல்லோரும் வழுக்கி விழுவது அங்கேதான். பார்த்துவிடலாம் என்று அதையே கடைசிக் கேள்வியாகப் போட்டேன். நீ ஏன் நெதர்லாந்துக்குப் போக வேண்டும்?

இதற்கு மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக, வாயில் வைத்திருந்து விடுகிற மாதிரி சொன்னாள். ஏனென்றால் என் கணவர் அங்கே எனக்காகக் காத்திருக்கிறார்.

ஒரு பிழை இல்லை. மேடம் கூட அவ்வளவு அழகாகச் சொல்லிக் கேட்டதில்லை.

நர்ஸ் வேலைக்காக டச்சு படிக்கும் பினுவுக்குப் பொறுக்கவில்லை. “இவளுக்குப் போகான் இஷ்டமில்லா மேடம், அவ்வளவுதான். வேணும்னே தோற்கறா,” என்று மலையாளமும் தமிழுமாய் ஒரு போடு போட்டான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மேடத்தின் அக்ரஹாரத் தமிழ் எகிறியது.

“அவன் அங்க தனியாக் கெடந்து அல்லாடறான். அந்த மாமி இங்க வந்து மானத்த விட்டுண்டு நிக்கறா. நீ வேணும்னே ஃபெயிலாயிண்டு இருக்கியா? என்ன பொண்ணுடி நீ?”

கௌசல்யா திரும்பிக் கதவைப் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது.

“மொத தடவையே பாஸாயிட்டேன் மேடம். அவர்ட்டதான் மொதல்ல சொன்னேன். அம்மாட்ட ஃபெயில்னு சொல்லிருன்னார். அவருக்கு அங்க வேற குடும்பம் இருக்கு.”

பினு தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தான். வெளியூரில் நடக்கும் அடுத்த இரண்டு பரீட்சைக்கும் அவள் போகவே இல்லையாம். வித்துராவில் சிநேகிதி வீட்டில் தங்கிவிட்டு வந்து, தோற்றுவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள்.

மாமியாரிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று மேடம் கேட்டபோது அவருடைய குரல் பாதியாகியிருந்தது.

“அத்தைக்கு ஒரே பிள்ளை மேடம். என்னைத் திட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அவங்களுக்கு அவர் நல்ல பிள்ளை.”

பாஸான பிறகும் எதற்கு வகுப்புக்கு வருகிறாய் என்று கேட்டது நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது எனக்கு.

கௌசல்யா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

“என்னைக்காவது மனசு மாறிக் கூப்பிட்டார்னா? அன்னைக்குப் பேச்சு மறந்து போயிருக்கக் கூடாதுல்லா?”

மேடம் கையிலிருந்த சாக்பீஸ் தூளைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டார். கதவைத் திறந்து வராந்தாவுக்குப் போனார். கோமதியம்மாள் இடுப்பில் கை வைத்து எழுந்து நின்றார்.

“பாத்தாச்சா? தப்பு யாரு மேல?”

“என் மேலதான்,” என்றார் மேடம். “அவளுக்கு ஆரம்பமே தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன். முதல் பாடத்துலேருந்து மறுபடி எடுக்கணும், நாளாகும். எங்க வேணா என்னைப் பத்திக் கம்ப்ளைன்ட் பண்ணிக்கோங்கோ. அவளை மட்டும் எங்கயும் அனுப்பிடாதீங்கோ.”